முழுகாத நகை

எங்கள் ஆயாவின் இடது முன்கையில், உள்பக்கம், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே தாத்தாவின் பெயர் பச்சை குத்தியிருக்கும். பெயரின் கடைசியில் வரவேண்டிய ‘சாமி’ அங்கே ‘சமி’ என்றுதான் இருக்கும். ஊருக்குள் பச்சை குத்த வந்த குறவர் வீட்டு அம்மாவுக்கு எழுத்து தெரியாது, யாரோ கரித்துண்டால் எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பார்த்துக் குத்தியிருக்கிறார், ஆயாவுக்கும் எழுத்து தெரியாது என்பதால் இருபது முப்பது வருஷம் அந்தத் தப்பை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆயா, இதுல கால் இல்ல" என்றேன். ஆயா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கால் இல்லாததே நல்லதுடா கண்ணு, இருந்திருந்தா அந்த மனுசன் எப்பவோ ஓடிப் பூட்டிருப்பாரு" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற தலைமுறை. ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால் கையை நீட்டுவார், எதிரில் இருப்பவர் படித்து எழுதிக்கொள்வார், அதையும் ‘சமி’ என்றே எழுதிக்கொண்டவர்கள் உண்டு. வாயால் சொல்லக்கூடாத பெயரை எல்லோரும் பார்க்கிற மாதிரி தோலில் எழுதிக்கொள்ளலாம் என்பது எப்படி ஒரு ஏற்பாடு என்று யோசித்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

பச்சை குத்துவது இன்று டாட்டூ ஆகிவிட்டது. வேலூரிலும் காட்பாடியிலும் ஏசி போட்ட கடைகள் வந்துவிட்டன, குத்திக்கொண்ட யாரைப் பார்த்தாலும் நாம் கேட்கிற முதல் கேள்வி "இதுக்கு என்ன அர்த்தம்?" என்பதுதான். அர்த்தம் படத்துக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட்கிறோம். எனக்கென்னவோ அதை அடகுக் கடையில் தேடுவதுதான் சரி என்று தோன்றுகிறது.

விளக்குகிறேன். வட ஆற்காட்டுக் கிராமங்களில் நகை என்பது பாதி நேரம் உடம்பில் இருக்கும், பாதி நேரம் அடகில் இருக்கும். நெல் நட பணம் வேண்டும் என்றால் கம்மல் போகும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் மூக்குத்தி போகும், மழை ஏமாற்றிய வருஷத்தில் வட்டி ஏறி ஏறி ஒருநாள் "நகை முழுகிப்போச்சு" என்று வீட்டில் யாரோ சொல்வார்கள், அன்றைக்கு அடுப்பு எரியாது. எங்கள் ஆயாவின் காசுமாலை அப்படி முழுகியதுதான். இந்தப் போக்குவரத்துக்கு நடுவில் உடம்பைவிட்டு நகராமல் இருந்த ஒரே நகை அந்தப் பச்சைதான். திருடனும் கழற்ற முடியாது, கடன்காரனும் கேட்க முடியாது. சுடுகாட்டுக்குப் போகும்போது மூக்குத்திவரை கழற்றிக்கொள்வார்கள், ‘பச்சை மட்டும்தான் கூட வரும்’ என்று அந்தக் காலத்துப் பெண்கள் சொன்னது இதைத்தான். மேலுலக நம்பிக்கை என்று அதை ஒதுக்கிவிடலாம்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு பொட்டுத் தங்கத்தைக்கூட நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் சொன்ன வார்த்தை அது.

குத்துகிற முறையும் சாதாரணப்பட்டதல்ல. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் அந்த மையின் பக்குவம் இருக்கிறது. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரிய விட்டு, மேலே புது மண்சட்டியைக் கவிழ்த்து, சட்டியில் படிகிற கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். அப்புறம் மூன்று நான்கு தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலி பெரும்பாலும் அரிசியோ பழைய புடவையோதான். கோலம், தேள், புள்ளி, பெயர் என்று நாலைந்து வடிவங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

கறுப்புக் கரியைக் குத்திவிட்டு அதை ஏன் ‘பச்சை’ என்கிறோம்? கரி தோலின் மேல்பரப்பில் இல்லை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. மேலே இருக்கிற தோல் ஒளியைச் சிதறடிக்கிறது, நீலப்பக்கத்து நிறங்கள் அதிகம் சிதறி வெளியே வருகின்றன, சிவப்புப் பக்கத்து ஒளி உள்ளே போய்க் கரியில் மாட்டிக்கொள்கிறது. அதனால் கறுப்பு நமக்கு நீலப்பச்சையாகத் தெரிகிறது. கையில் ஓடும் நரம்பு பச்சையாகத் தெரிவதும் ஏறத்தாழ இதே கணக்குதான். ஆக ‘பச்சை’ என்பது மையின் நிறம் அல்ல, தோல் வழியாகப் பார்த்த மையின் நிறம். விளக்குக் கரிக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு மரியாதையும் உண்டு. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபக் கொப்பரையில் சேர்கிற மையை எடுத்து, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். அந்தச் சின்னப் பொட்டலத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வருஷக்கணக்கில் வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ.

சரி, மேல்தோல் மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறதே, பச்சை மட்டும் எப்படி ஐம்பது வருஷம் நிற்கிறது? கீழ்த்தோலில் நுழைந்த கரியை வெளியாள் என்று நினைத்து நம் உடம்பின் விழுங்கணுக்கள் விழுங்கிவிடுகின்றன, ஆனால் செரிக்க முடியவில்லை, வயிற்றில் கல்லைப் போட்டுக்கொண்ட மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்த அணுவே நம்மோடு ஆயுள் முழுக்க இருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2018இல் பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. கரியைப் பிடித்திருக்கும் அணு சாகிறது, கரி வெளியே விழுகிறது, பக்கத்தில் புதிதாக வந்த அணு அதை மறுபடி விழுங்குகிறது. இப்படியே கைமாறிக் கைமாறித்தான் பச்சை நிற்கிறது. கைமாறும்போது கொஞ்சம் சிதறும், கொஞ்சம் நகரும், வயதானவர்கள் கையில் எழுத்தின் ஓரம் கசங்கித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு இந்தக் கைமாறல் விஷயம் ரொம்பப் பிடித்துப்போனது, ஏனென்றால் அர்த்தமும் இப்படித்தான் நிற்கிறது. பத்தொன்பது வயதில் காதலியின் முதல் எழுத்தைக் குத்திக்கொண்ட என் நண்பன் ஒருவன், அந்தக் காதல் போன பிறகு அதை அம்மா பெயரின் முதல் எழுத்து என்றான் (நல்லவேளை, இரண்டு பேருக்கும் ஒரே எழுத்து), இப்போது மகளுக்கும் அதே எழுத்தில் பெயர் வைத்துவிட்டு மகளுக்காகக் குத்தியது என்கிறான். பொய் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவனைக் கேட்டால் மூன்றும் உண்மை என்பான், யோசித்தால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மை ஒன்றுதான், அதைப் பிடித்திருக்கிற ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறான்.

அரசியலும் இந்தத் தோலுக்கு ஆசைப்பட்டிருக்கிறது. எழுபதுகளில் எம்ஜிஆர் தன் கட்சிக்காரர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார், கட்சிக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள். குத்திக்கொண்டவர்களில் சிலர் இன்றும் டீக்கடை பெஞ்சில் சட்டைக் கையை மடித்துக் காட்டுவார்கள். இன்று குடியாத்தம், அரக்கோணம் பக்கத்து இளைஞர்கள் அம்பேத்கர் முகத்தையோ ‘ஜெய் பீம்’ என்ற எழுத்தையோ குத்திக்கொள்வதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒருகாலத்தில் மேலே சட்டை போடுவதற்கே ஊரைக் கேட்கவேண்டியிருந்த உடம்பில், தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு முகத்தை வரைந்துகொள்கிறார்கள். அவர்களிடம் அர்த்தம் கேட்டால் விளக்கம் வராது, முறைப்புதான் வரும், வரட்டும்.

உடம்பின் மேலிருக்கும் அடையாளத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர்க் கோட்டையைவிடப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் இல்லை. 1805 நவம்பரில் கம்பெனிப் படைக்குப் புதுத் தலைப்பாகை, அதில் தோலால் ஆன குஞ்சம். 1806 மார்ச்சில் வந்த உத்தரவில், சீருடையில் இருக்கும்போது நெற்றியில் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் போடக்கூடாது, தாடியை மழிக்கவேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்றார்கள். மே மாதம் தலைப்பாகையை மறுத்தவர்களில் இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி. ஜூலை 10 அதிகாலை கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது, நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் செத்தார்கள், ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், சம்பளம், அவமானம் என்று காரணங்கள் பல சொல்வார்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனாலும் ஒரு கடுக்கனைப் பற்றி யோசித்துப் பாருங்கள். அப்பா காதிலிருந்து கழற்றிப் பிள்ளை காதில் போட்டது, தங்கமாகப் பார்த்தால் குண்டுமணி அளவு, ‘அழகுக்குப் போட்டது, கழற்று’ என்று மேலே இருப்பவன் எழுதிவிட்டான். அவன் பார்த்தது நகையை. பிறகு உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், தளபதி கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

இன்றைய ராணுவம் இதில் புத்திசாலித்தனமாக இருக்கிறது. ஆள் எடுக்கும் விதியில், முழங்கையின் உள்பக்கத்திலிருந்து மணிக்கட்டுவரை, முன்கையின் உள்பக்கத்தில் நிரந்தரப் பச்சை இருக்கலாம், புறங்கையில் இருக்கலாம், மற்ற இடங்களில் கூடாது. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி தனி விலக்கு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இன்னும் கறார், முன்கை என்றால் இடதில் மட்டும், ஏனென்றால் வலது சல்யூட் அடிக்கிற கை, அளவும் அந்த உறுப்பின் கால் பங்குக்குள். கவனித்தீர்களா, அனுமதித்திருக்கும் இடம் எங்கள் ஆயாவின் பச்சை இருந்த அதே இடம்தான். கிராமத்துக் கைகளைப் பார்த்துவிட்டுத்தான் அந்த விதியை எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ராணுவத்துக்குப் போவதற்கென்றே விடியற்காலையில் ஓடிப் பழகுகிற பையன்கள் நிறைந்த மாவட்டம் இது. தோள்பட்டையில் சிங்கத்தை வரைந்துகொண்டு, பிறகு உடல் தகுதித் தேர்வுக்கு முன்னால் லேசர் கிளினிக் வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். லேசர் மையை அழிப்பதில்லை, பொடியாக உடைக்கிறது, உடம்பு அந்தப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக்கொண்டு போகிறது, பல முறை போகவேண்டும், செலவு குத்தியதைவிடப் பல மடங்கு.

வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை இங்கே ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். அப்படிப்பட்ட வீடுகளில் தவறாமல் இருப்பது கறுப்பு ட்ரங்க் பெட்டி, மேலே வெள்ளை பெயிண்டில் நம்பர், பெயர், யூனிட். மரக்கட்டில் மாறும், டிவி மாறும், பெட்டி மாறாது. என் நண்பனின் தாத்தா பெட்டியில் இப்போது இருப்பது பழைய கம்பளி, பாச்சை உருண்டை, பேத்தியின் பள்ளி நோட்டுகள். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் நூறு இருநூறு ரூபாய் தேறலாம். பெயிண்ட் உரிந்த இடத்தில் மறுபடி பெயிண்ட் அடிக்க மட்டும் விடமாட்டார், எண் அழிந்தால் அழியட்டும், அது அவர் ஆக்ராவில் தன் கையால் எழுதியது.

நினைவுப்பொருள் என்றால் விலை உயர்ந்தது என்று யார் சொன்னது? தாத்தாவின் எச்எம்டி வாட்ச்சை வேலூர் லாங் பஜாரில் காட்டினால், ரிப்பேர் பார்க்க ஆகும் செலவில் இன்னொன்றே வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள், ஆனாலும் ரிப்பேருக்குக் கொடுப்போம். குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டுவது இன்னும் நடக்கிறது. ‘ஸ்டெம் செல்லை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், காய்ந்துபோன கொடியில் உயிருள்ள அணு எதுவும் மிஞ்சாது. ஒரு காலத்தில் இவன் என்னோடு ஒட்டியிருந்தான் என்பதற்கு ஒரு துண்டுச் சாட்சி, அவ்வளவுதான், அதற்கு விஞ்ஞானச் சான்றிதழ் எதற்கு? மேல்விஷாரம், ஆம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நிரந்தரப் பச்சை மார்க்கத்தில் கூடாது, மருதாணிதான். அதனாலோ என்னவோ அங்கே கைக்கு அடக்கமான பொருளுக்கு மதிப்பு கூடுதல். ஹஜ்ஜுக்குப் போன பாட்டி கொண்டுவந்த தஸ்பீஹ் மணிமாலையில் ஒரு மணி உடைந்திருந்தாலும் அதற்குப் பதில் கடையில் புது மாலை வாங்கிவிட மாட்டார்கள்.

தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரில் ஆபரேஷன் தியேட்டர் வாசல்களில் தினமும் நடக்கிற காட்சி இது. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்வார், அந்தப் பெண் மெட்டியைக் கழற்றுவார், வளையலைக் கழற்றுவார், தாலிக்கு வந்ததும் கை நிற்கும். கூட வந்த மாமியாரோ அக்காவோ பையிலிருந்து மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறை எடுப்பார், முதலில் அது கழுத்தில் ஏறும், அப்புறம்தான் தங்கம் இறங்கும். தங்கத்தைக் கைக்குட்டையில் முடிந்து புருஷன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவு மூடிய பிறகும் அந்தப் பையை ஒரு கையால் பிடித்தபடியே நிற்பார். அடகு வைக்கும்போதும் இதே மஞ்சள்தான் வந்து நிற்கும். ஐந்து ரூபாய்க் கிழங்கு நாலு பவுனின் வேலையைப் பார்க்கிறது என்றால், அந்த வேலையை இத்தனை நாள் செய்துகொண்டிருந்தது தங்கம் இல்லை என்றுதானே ஆகிறது.

வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தோலைத் தரம் பிரிப்பதைச் சொன்னார். முள் கீறிய கோடு, உண்ணி கடித்த புள்ளி, மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு, எது இருந்தாலும் தரம் ஒரு படி இறங்கும். அடையாளமே இல்லாத தோலுக்குத்தான் அதிக விலை. சொல்லிக்கொண்டே அவர் கையை நீட்டினார், உள்ளங்கைக்கு மேலே மூன்று பிள்ளைகளின் பெயர், கூடவே ரசாயனம் பட்டு வெளுத்த திட்டு. "இதைத் தரம் பிரிச்சா கழிவுலதான் போடணும்" என்று சிரித்தார்.

குத்திக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியை, ஒரே மைக்குப்பியை வைத்துக்கொண்டு வரிசையாகக் குத்துபவரிடம் கையை நீட்டாதீர்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அந்த வழியாக வரக்கூடியவை. பிரித்த புது ஊசியைக் கண்ணால் பார்க்கவேண்டும், மையை உங்களுக்கென்று தனி மூடியில் ஊற்றவேண்டும். இந்த ஆபத்தினால்தான் பச்சை குத்தியவர் 12 மாதம் ரத்தம் கொடுக்கக்கூடாது என்பது இந்திய ரத்த வங்கி விதி. தெரிந்த பையன் ஒருவன் ‘அம்மா’ என்று கொட்டை எழுத்தில் குத்திக்கொண்டு, இரண்டே மாதத்தில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் ரத்தம் கொடுக்க ஓடினான். கையைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நண்பர்கள் வந்து கொடுத்தார்கள், இவன் பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆயா போய் நாலு வருஷம் ஆகிறது. மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டோம், கையை யாரும் ஒன்றும் செய்ய முடியாதே. அதற்கு முந்தின பொங்கலன்று அரிசி புடைக்கும்போது தங்கை எடுத்த ஒரு போட்டோவில் அந்தக் கை நன்றாக விழுந்திருந்தது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு காட்பாடியில் ஒரு கடைக்குப் போனோம், நான் துணைக்கு. கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும், போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கி, கசங்கிய ஓரங்களை எல்லாம் நேராக்கி, அழகான ஃபான்ட்டில் மாற்றித் திரையில் காட்டினான். தங்கை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பெயர் முழுசாக, இலக்கணமாக இருந்தது.

"அக்கா, ஸ்பெல்லிங் ஒண்ணு மிஸ் ஆயிருந்துச்சு, நானே போட்டுட்டேன்."

"அந்தக் காலை எடுத்துருங்க தம்பி" என்றாள் தங்கை.

"எடுத்தா தப்பாயிடுமேக்கா. அப்புறம் மாத்த முடியாது."

"தெரியும். ஓரத்தையும் பழைய மாதிரியே விட்டுருங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். மௌஸை நகர்த்தி அந்த ஒரு கோட்டை மட்டும் அழித்துவிட்டு, புது ஊசிப் பாக்கெட்டை எங்கள் கண்ணெதிரே பிரித்தான்.